மதுரையின் குளிர்காலமும் வீட்டுக் கொல்லையும்: ஐப்பசி முதல் மாசி வரை ஒரு மதிப்பீடு

ஐப்பசியில் மழை இறங்குவது தொடங்கி மாசியில் வெயில் ஏறும் வரை வீட்டுக் கொல்லையை எப்படிப் பேணுவது? மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இருந்ததில்லை. மழைக்கு முன்பே தொழு உரம் போட்டுவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. போட்டால் கரைந்து ஓடிவிடும், மழை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மறு கட்சி. உதிர்ந்த சருகை அன்றாடம் கூட்டி அள்ளினால்தான் வீடு வீடாக இருக்கும் என்கிறது பழைய வழக்கம். ஒரு சருகுகூட வளவைத் தாண்டக் கூடாது என்கிறது இயற்கை வேளாண்மை. பனியில் செடி கெட்டுப்போகும் என்று ஒருவர் சொல்லும்போது, பனியை நம்பித்தானே கொத்தமல்லி விளைகிறது என்று கேட்கிறார் கரிசல்காட்டுக்காரர்.

இவ்விடைகள் எங்கே பிறந்தன, எதைச் சரியாகக் கண்டன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். கொல்லை என்று இங்கே சொல்வது பண்ணையை அல்ல. ஒரு வாழை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, இரண்டொரு மல்லிகைப் புதர், முடிந்தால் ஒரு தென்னை, வேலியோரம் வேம்பு, பந்தலில் அவரையோ பீர்க்கோ என்ற அளவில் நிற்கும் வீட்டு மண்ணைத்தான்.

எது குளிர்காலம்?

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஜனவரி இரவில்கூட வெப்பம் சராசரியாக 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். உறைபனி கொடைக்கானல் மலைக்கு உரியது. அடிவாரத்துச் சமவெளிக்கு அது வருவதில்லை. செடிக்குப் போர்வை போர்த்துவது, தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைப்பது, கிழங்கைத் தோண்டிப் பத்திரப்படுத்துவது என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் சொல்லும் வேலைகளுக்கு இங்கே இடமில்லை.

இங்கே மாறுபவை நீரும் பகலின் நீளமும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மழை அரிது. பகலோ டிசம்பர் இறுதியில் மிகக் குறுகுகிறது. ஜூன் மாதத்து நீண்ட பகலோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் அந்தச் சிறு மாற்றத்தை உணர்ந்துதான் நாட்டு அவரையும் மொச்சையும் செவ்வந்தியும் பூவெடுக்கின்றன. ஆடியில் ஊன்றிய அவரை மார்கழிவரை கொடியாகவே ஓடுவதற்குக் காரணம் உரக்குறை அல்ல. பகல் குறுகுவதற்காக அது காத்திருக்கிறது.

தமிழ் மரபு இதை முன்பே கண்டிருந்தது. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தது. உரை மரபின்படி ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. குளிர்ந்த மாதங்கள் ஒரே காலமாக இல்லை. மழைக்குளிர் வேறு, பனிக்குளிர் வேறு என்று பிரிந்து நிற்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகக் கொள்ளப்படும் நெடுநல்வாடை கூதிர்காலத்தைப் பாடும்போது, புதர்தோறும் முசுண்டையும் பீர்க்கும் பூத்திருப்பதைச் சொல்கிறது. வாடைக்காற்றில் மனிதர் நடுங்கும் காலம் இங்கே கொடிகளுக்குப் பூக்காலம்.

குளிரே பொருட்டில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. குண்டுமல்லியின் பூப்பு மார்கழியில் சரிவதையும், கறிவேப்பிலையின் துளிர்ப்பு மந்தமாவதையும் இரண்டின் சந்தை விலையும் ஆண்டுதோறும் காட்டுகின்றன. சில பாகை இறக்கமே வெப்பநிலத்துச் செடிக்குப் போதும்.

பட்டத்தின் வழி

மிகப் பழைய விடை பட்டக் கணக்கு. ஆடி, புரட்டாசி, தை, மாசி என்று விதைப்புக்கு நாள் குறித்து, இடைப்பட்ட மாதங்களில் செய்ய வேண்டியதையும் அதற்குள் அடக்கியது. புரட்டாசிக்குள் குப்பைக்குழியைப் பிரித்து எருவை மண்ணில் சேர்ப்பது, மழைக்கு முன் பாத்தி வரப்பைத் திருத்துவது, வாழைக்கும் முருங்கைக்கும் தூரில் மண் அணைப்பது, மழை ஓய்ந்து மண் பதமானதும் மேலே கொத்திவிடுவது என்பவை இவ்வழியின் வேலைகள். கடைசியில் சொன்ன கொத்துதல் எளிய வேலையாகத் தோன்றினாலும் நுட்பமானது. இறுகிய மேல்மண்ணை உடைத்தால் கீழிருந்து ஈரம் ஏறி ஆவியாவது தடைப்படும். மழை நின்ற பின் இரண்டு மாதம் ஈரத்தைப் பிடித்துவைக்க ஏழை வீட்டிலும் இயன்ற வழி அது.

சடங்கும் இதில் கலந்திருக்கிறது. மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையின் மேல் வைக்கும் பரங்கிப்பூ கொல்லைக் கொடியிலிருந்து வருவது. பரங்கியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். ஆண்பூ எண்ணிக்கையில் மிகுதி. அடியில் பிஞ்சு இல்லாத ஆண்பூவைப் பறித்து, மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவைத்தால் காய்க்குக் குறைவு வராது.

இவ்வழியின் பலவீனம், இது வயலுக்கு வகுத்த கணக்கு என்பதே. கண்மாய் நிரம்புவதையும் மழை குறித்த நாளில் தொடங்குவதையும் அது எதிர்பார்க்கிறது. மழை இப்போது அப்படி நடந்துகொள்வதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டியதில் செல்லூர்ப் பகுதித் தெருக்களும் வீடுகளும் நீரில் நின்றன. வேறு ஆண்டுகளில் கார்த்திகையே காய்ந்து போகிறது. மாதப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் பட்டம் ஏமாற்றும். மண்ணின் ஈரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்தவர்களின் அறிவுதான் பட்டம் என்று கொண்டால் இன்றும் அது பயன்படும்.

விதைப்பாக்கெட்டோடு வந்த தோட்டக்கலை

இரண்டாவது விடை ஆங்கிலேயரோடு வந்தது. 1835இல் சென்னையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கமும், வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் எழுதிய ஃபர்மிங்கரின் 1863ஆம் ஆண்டுத் தோட்டக் கையேடும் அந்த மரபின் அடையாளங்கள். வட இந்தியக் குளிர் மாதங்களில் சீமைப் பூவும் காயும் நன்றாக வரும் என்ற அனுபவமே அதன் அடித்தளம். கல்கத்தாவுக்கும் லக்னோவுக்கும் பொருந்திய அந்தக் காலக்கணக்கு, விதைப்பாக்கெட்டின் பின்புறத்தில் அச்சாகித் தெற்கே வந்தது. மதுரையில் பெட்டூனியாவும் டயாந்தஸும் தையில் பூத்து, மாசி வெயிலில் கருகிவிடுகின்றன. முள்ளங்கி வருகிறது, கேரட்டும் காலிபிளவரும் மலைக்காற்றையே விரும்புகின்றன. இவ்வழி நமக்குத் தந்த நல்ல பாடம் தொட்டிச்செடியின் வடிகால் பற்றியது. மற்றபடி, வேறொரு ஊரின் குளிரைப் பற்றிய விடை இது.

கல்லூரியின் அட்டவணை

மதுரை வேளாண் கல்லூரி யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடையை ஒட்டி 1965இல் தொடங்கப்பட்டது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கிருந்து வந்த விடை எடை, அளவு, நாள் ஆகியவற்றோடு வந்தது. குண்டுமல்லிக்கான பரிந்துரை நல்ல எடுத்துக்காட்டு. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரம் இட வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகளைக் கவாத்துக்குப் பின் ஒரு முறையும் ஜூன், ஜூலையில் ஒரு முறையுமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எப்படியும் பூக்குறைந்த மாதங்களைச் செடியின் ஓய்வாக மாற்றி, பங்குனி, சித்திரைப் பூப்புக்கு அதைத் தயார் செய்வது இதன் உள்நோக்கம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குப் பின்னால் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

கொல்லைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்வதில் இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. முதலாவது மண். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண் நீரைச் சட்டென்று கீழே விடும். நவம்பரில் இட்ட தழைச்சத்து அடுத்த கனமழையில் வேரைத் தாண்டி இறங்கிவிடலாம். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் நீரையும் சத்தையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் வேருக்குக் காற்றைத் தடுக்கும். நகருக்குள் பல வீடுகளின் மண்ணோ இடிபாட்டுக் கற்களும் சுண்ணாம்பும் கலந்த நிரப்புமண். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் மல்லி இலை வெளுக்கும். அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா போடுவது பரவலாக நடக்கும் தவறு. இரண்டாவது சிக்கல், பரிந்துரைகள் ஒரு பயிருக்கு உரியவை. கொல்லையிலோ பத்துச் செடிகள் ஒன்றன் நிழலில் ஒன்று நிற்கின்றன.

மருந்து தெளிப்பதில் கல்லூரி வழியே காலப்போக்கில் மாறியிருக்கிறது. 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகம் முழுவதும் பரவியபோது பூச்சிக்கொல்லிகள் பெரிதாகப் பயன்படவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட அசிரோபேகஸ் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதை அடக்கியது. 2016இல் தென்னையில் தோன்றிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈக்கும் இன்று சொல்லப்படுவது என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, நீரைப் பீய்ச்சி ஓலையின் அடிப்புறத்தைக் கழுவுவது ஆகியவைதான். இந்த ஈ மழையில் அடங்கி, தை முதல் பெருகுகிறது. எனவே பனிக்காலத்தில் பூச்சிக்கொல்லி அடிக்காதிருப்பதே தென்னைக்குச் செய்யும் உதவி என்று துணிந்து சொல்லலாம்.

பனி நல்லதா, கெட்டதா?

பனி விழுந்து வெண்டையிலும் கொத்தமல்லியிலும் சாம்பல் பூத்துவிட்டது என்பது எல்லாரும் சொல்வது. பயிர்நோயியல் இதைச் சற்றுப் பிரித்துப் பார்க்கிறது. சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு இரவின் ஈரக்காற்றும் வறண்ட பகலும் பொருந்தும். இலைமேல் நீர் தேங்கி நின்றால் அதன் வித்துகள் சரியாக முளைப்பதில்லை. பீர்க்கு, பாகல் முதலியவற்றைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கோ ஈர இலைதான் வேண்டும். ஒரே பனி ஒரு நோய்க்குத் தடை, இன்னொன்றுக்கு வாசல். மாலையில் இலை நனையும்படி நீர் தெளிப்பதைத் தவிர்ப்பதும், பந்தலில் முற்றிய அடியிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தருவதும் இரண்டுக்கும் பொதுவான காப்பு.

வேம்பின் நுனிக்கருகலும் இக்காலத்து அச்சங்களில் ஒன்று. போமோப்சிஸ் பூஞ்சையால் வரும் இக்கருகல் மழையோடு தொடங்கி, மழை முடியும்போது கடுமையாகத் தெரியும். தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சிய காயங்களும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. கருகிய மரத்தை வெட்டிவிட அவசரப்படுவோர் பலர். வெயில் ஏறியதும் வளர்ந்த மரம் பெரும்பாலும் துளிர்த்துவிடுகிறது என்பதால், பங்குனி வரை பொறுத்திருப்பது நல்லது.

மூடாக்குக் கட்சி

இன்று மிகுந்த ஆர்வத்தோடு பேசப்படும் விடை இது. வெற்று மண் இருக்கவே கூடாது, சருகும் வைக்கோலும் தழையும் கொண்டு மண்ணை மூடு, உள்ளிருக்கும் உயிர்களுக்கு உணவு கொடு, செடியை அவை பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் கழிவை மட்கவைக்கும் முறையை வகுத்து 1931இல் நூலாக்கினர். ஜப்பானின் ஃபுகுவோகா 1975இல் வெளியிட்ட ஒற்றை வைக்கோல் புரட்சி தமிழிலும் ஆழமாகப் படிந்தது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி விலகி, கரூர் மாவட்டம் கடவூரில் வானகத்தை உருவாக்கிய கோ. நம்மாழ்வார் (மறைவு 2013 டிசம்பர் 30) இவற்றையெல்லாம் ஊர்ப்பேச்சில் கொண்டுவந்து சேர்த்தார். சருகைக் குப்பையாகப் பார்க்கும் கண்ணை மாற்றியது இவர்களின் பெரும் பங்களிப்பு. தை முதல் மாசி வரை மழையற்ற மண்ணில் மூடாக்கு ஈரத்தைக் காப்பதில் ஐயமில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக்கழிவைத் தனியே பிரித்து வளவுக்குள்ளேயே வைக்கச் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு அபராதம் விதித்தது. சட்டமும் இக்கட்சியின் பக்கமே சாய்கிறது.

இருந்தும் ஐப்பசி, கார்த்திகைக்கு இதே அறிவுரையைத் தருவதில் தயக்கம் வேண்டும். கரிசலிலும் நிரப்புமண்ணிலும் நீர் ஏற்கெனவே வடியாமல் நிற்கிறது. அதன்மேல் கனத்த மூடாக்கு ஈரத்தை இன்னும் நீட்டித்து, வாழை, பப்பாளி, மல்லி ஆகியவற்றில் வேரழுகலுக்கும் தூரழுகலுக்கும் வழி செய்யலாம். ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கு அது பகல்நேர மறைவிடம். வறண்ட செம்மண்ணில் கறையான் ஏறும். மட்குக் குழியிலேயே காண்டாமிருக வண்டின் புழு வளர்ந்து அருகிலுள்ள தென்னைக் குருத்தைத் துளைக்கும். குழியை அடிக்கடி கிளறுவதும் மெட்டாரைசியம் பூஞ்சையைச் சேர்ப்பதும் அதற்குரிய மாற்றுகள். பஞ்சகவ்யம் போன்ற கரைசல்கள் பற்றிய உறுதிமொழிகள் சான்றுகளைவிட வேகமாக ஓடியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். செய்பவர் கைக்கும் மாட்டுக்கும் ஏற்ப மாறும் ஒரு கலவைக்கு ஒரே பலனை எதிர்பார்ப்பது கடினம்.

துடைப்பம், கொசு, சிமெண்ட்

சாணி தெளித்துக் கூட்டிய வெற்று வாசல் பழைய மதுரையின் விடை. அதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. மழை மாதங்களில் வளைகளில் நீர் ஏறும்போது பாம்பும் தேளும் வீட்டையொட்டி வரும். கட்டுவிரியன் இரவில் கடிக்கும். கடிபட்டவர் பலர் தரையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். சருகு மூடிய கொல்லையில் இருட்டில் நடக்கும் மூதாட்டிக்கு மண்ணுயிர் பற்றிய வாதம் ஆறுதல் தராது. மூடாக்குக் கட்சியினர் இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளுவது முறையல்ல.

கொசுவைப் பொறுத்தவரை சச்சரவு பெரிதும் தேவையற்றது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் டயரிலும் பழைய ஆட்டுக்கல்லிலும் தொட்டியின் அடித்தட்டிலும் நிற்கும் நல்ல நீரில் முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணில் கிடக்கும் சருகு அதற்குப் பிறப்பிடம் ஆவதில்லை. சின்னச்சொக்கிகுளத்தில் 1980களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவிய மருத்துவப் பூச்சியியல் மையம் மதுரையிலேயே இயங்கிவந்திருக்க, கொசுவுக்கு அஞ்சி மரத்தை வெட்டும் வீடுகளும் மதுரையிலேயே இருப்பது வருத்தத்துக்குரியது. 1915ஐ ஒட்டி மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்த நகரத் திட்டமிடுநர் பேட்ரிக் கெடிஸ், நீர்நிலையை மூடுவதைவிட மீனும் வாத்தும் விட்டுப் பேணுவது மேல் என்ற நிலையை எடுத்தவர். கொல்லைக்கும் அந்த அணுகுமுறை பொருந்தும்.

பயங்களெல்லாம் சேர்ந்து அண்மைக் காலத்தில் தந்த விடைதான் மிக மோசமானது: சிமெண்ட், அல்லது பேவர் பிளாக். அதில் சேறு இல்லை, சருகு ஒட்டாது. ஆனால் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், மழையின் பாதியளவை மூன்று மாதத்தில் பெறும் ஊர், அந்த நீரைத் தெருவுக்கு அனுப்புகிறது. இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. கோடை முழுதும் உப்புப் போர்த்தண்ணீர் பாய்ந்து மண்ணில் படியும் உப்பை ஐப்பசி மழைதான் ஆண்டுக்கு ஒருமுறை கீழே கழுவி இறக்குகிறது. அந்த மழை மண்ணுக்குள் இறங்காத வளவில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

எஞ்சி நிற்பவை

இவ்வழிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அவற்றின் சண்டையில் பாதி மாதத்தைச் சொல்லாமல் பேசுவதால் வருவது என்று தோன்றுகிறது. வடிகாலும் வெற்று மண்ணும் வேண்டும் என்பவர் கூதிரைப் பேசுகிறார். மூடாக்கு வேண்டும் என்பவர் முன்பனியைப் பேசுகிறார். மழையின் உச்சத்தில் நீரை மண்ணில் இறக்கி, மிஞ்சியதை வடியவிட வேண்டும். கடைசி நல்ல மழை பெய்த சில நாட்களில் மேலே கொத்தி, சேர்த்துவைத்த சருகைப் பரப்ப வேண்டும். வீட்டுச் சுவரையொட்டி இரண்டு மூன்று முழத்துக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. இந்த வரிசை எல்லாக் கட்சிகளின் வலுவான பகுதிகளோடும் ஒத்துப்போகிறது.

தீராதவையும் உண்டு. கடைசி நல்ல மழை எது என்று கார்த்திகையிலேயே எப்படி அறிவது? மார்கழியில் எதிர்பாராத புயல்மழை வந்தால் பரப்பிய மூடாக்கு நன்மையா, சுமையா? நவம்பர் உரத்தில் செம்மண் கொல்லை எவ்வளவைத் தக்கவைக்கிறது? பெரும்பாலான அளவீடுகள் வயலில் எடுத்தவை. சுவர் நிழலும் நிரப்புமண்ணும் கொண்ட வீட்டு வளவுக்கு அவற்றை நீட்டுவது அனுமானமே.

ஒத்தக்கடைக் கல்லூரி மாணவர்களும் மாநகராட்சி வார்டுகளும் இணைந்து, செம்மண், கரிசல், நிரப்புமண் ஆகிய மூவகைக் கொல்லைகளிலும் ஐப்பசி முதல் மாசி வரை ஈரத்தையும் உப்பையும் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து வெளியிட வேண்டும். அதுவரை, வளவில் மிஞ்சியிருக்கும் மண்ணைச் சிமெண்டால் மூடாமல் வைத்திருங்கள்.